கயிறு தரையில் கிடக்கட்டும்

தொட்டும் கேட்டும் அசைந்தும் உணர்கிற புலன்விளையாட்டில் குழந்தைகளுக்கு ஒரு சர்க்கஸ் வேண்டும் என்று கடையில் கேட்டால் எடுத்துப் போடுவதெல்லாம் கண்ணுக்கான படம்தான். சிவப்பும் வெள்ளையும் பட்டையடித்த காகிதக் கூடாரம், பிளாஸ்டிக் யானை, கோமாளி முகம் ஒட்டிய டப்பா, அதற்குள் சாயம் ஏற்றிய அரிசி. குழந்தை கையை விட்டு நாலு முறை அளையும், பிறகு எழுந்து வேறு வேலை பார்க்கப் போய்விடும். அதன்மேல் தப்பே இல்லை. சர்க்கஸ் உடம்பின் கலை. எடை, சாய்வு, சுழற்சி, பிடிமானம், விழுவது, விழாமல் தப்புவது, இவைதான் அதன் சரக்கு. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரைக்கும் பிள்ளைகள் விழித்திருக்கிற நேரமெல்லாம் படிக்கிற பாடமும் அதுதான். அதை விட்டுவிட்டு டப்பாவை மட்டும் கொடுத்தால் எப்படி?

நான் இருப்பது பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா, கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் தெருவிலும் தமிழ். அங்கன்வாடியில் மலையாளப் பாட்டுப் பாடிவிட்டு வருகிற வாண்டுகள் எங்கள் களத்துக்கு வந்ததும் தமிழில் சண்டை போடுவார்கள். சனிக்கிழமை மாலைகளில் அண்ணன் மகள், எதிர்வீட்டுப் பையன், பின்தெருக் குழந்தைகள் என்று ஒரு கூட்டம் சேரும். எல்லோருக்கும் நான் அத்தை. நெல் காய்கிற நாட்கள் போக மீதி நாட்களில் அந்தக் களம் அவர்களுடையது. சாணம் மெழுகிய தரை, ஓரத்தில் பனைமரங்கள், ஒரு வேம்பு, கேட்காமலே வீசுகிற காற்று.

அங்கே சர்க்கஸ் நடத்த முதலில் வட்டம் போட வேண்டும். நவீன சர்க்கஸே ஒரு வட்டத்துக்குள்தான் பிறந்தது. 1768-இல் லண்டனில் பிலிப் ஆஸ்ட்லி என்ற முன்னாள் குதிரைப்படை வீரர், வட்டமாக ஓடும் குதிரையின் முதுகில் நின்று காட்டினார். வட்டத்தில் ஓடும்போது உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படுவதாகத் தோன்றும். உள்பக்கம் சாய்ந்து கொடுத்தால் குதிரை முதுகிலும் நிற்க முடியும். 42 அடி விட்டம் இதற்குத் தோதானது என்று நிலைபெற்று, இன்றுவரை சர்க்கஸ் வளையத்துக்கு அதுவே அளவாக இருந்துவருகிறது. நம் குதிரைகளுக்கு 10 அடி தாராளம். நடுவில் முளையடித்து, கயிறு கட்டிச் சுற்றிவந்து கோடு கிழித்து, முளையைப் பிடுங்கிவிடுங்கள். கோட்டின்மேல் மாவு தூவுகிற வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம். விரல் இடுக்கில் மாவு வழிவதுதான் அவர்களுக்கு முதல் விளையாட்டு. கடைக் கோலப்பொடி பெரும்பாலும் கல்மாவு. கை வாய்க்குப் போகிற வயதில் அரிசிமாவுதான் சரி.

பிறகு ஓட விடுங்கள். முதல் சுற்றில் விறைப்பாக நிமிர்ந்து ஓடுகிற பிள்ளை, வேகம் கூடக்கூடத் தானாக உள்பக்கம் சாயும். ஆஸ்ட்லிக்குத் தெரிந்தது அதற்கும் தெரிந்துவிட்டது என்று பொருள். சுற்றி நின்றதும் தலை கிறுகிறுக்கும். காதின் உட்பகுதியில் உள்ள மூன்று அரைவட்டக் குழாய்களில் திரவம் இருக்கிறது. நாம் நின்ற பிறகும் அது சற்று நேரம் நகர்ந்துகொண்டிருப்பதால் வருகிற கிறுகிறுப்பு அது. ஐம்புலனோடு கணக்கை முடித்துவிடாமல், இந்தச் சமநிலை உணர்வையும், மூட்டும் தசையும் மூளைக்குச் சொல்கிற உடல்நிலை உணர்வையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தியவர் அமெரிக்காவில் ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சை) துறையில் இருந்த ஜீன் ஏயர்ஸ். 1970-களில் அவர் எழுதியது இன்று உலகெங்கும் சிறுவர் சிகிச்சைக் கூடங்களில் பேச்சாக இருக்கிறது. நம் ஊரில் தூளியும் ராட்டினமும் அதற்கு முன்பே இருந்தன என்பது வேறு விஷயம். வலச்சுற்று ஓடினால் இடச்சுற்றும் ஓட வேண்டும். முகம் வெளுத்தாலோ, நெற்றி வியர்த்தாலோ, பிள்ளை திடீரென்று பேச்சை நிறுத்தினாலோ அன்றைக்குச் சுற்று போதும். வலிப்பு வந்திருக்கிற குழந்தை என்றால் சுற்றும் விளையாட்டுக்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வட்டத்துக்கு நடுவே கயிறு. எங்கள் களத்தில் எல்லோருக்கும் பிடித்தது இதுதான், எனக்கும். கயிற்று நடைக்கு நாம் சர்க்கஸ் வரை போக வேண்டியதில்லை. கழைக்கூத்தாடிகள் தெருவில் நான்கு மூங்கில் நட்டு, ஒரு கயிறு கட்டி, பறையடித்துக் காட்டிவிட்டுப் போனதைப் பார்க்காத ஊர் உண்டா? அந்தக் கயிறு உயரத்தில் இருந்தது. நம்முடையது தரையில் கிடக்கட்டும். கிணற்றுக்குப் பயன்பட்ட பழைய தேங்காய் நார்க்கயிறு ஒன்றை நேராகப் போடுங்கள். செருப்பு கூடாது.

அண்ணன் மகள் முதல்முறை அதில் கால் வைத்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெருவிரல் கயிற்றைத் தொட்டதும் சுருங்கிப் பின்வாங்கியது. மறுபடி நீண்டது. இந்த முறை ஐந்து விரல்களும் விரிந்து, கயிற்றின் இரு பக்கமும் தரையைத் தேடின. உள்ளங்காலின் நடுக்குழிவு கயிற்றின்மேல் பொருந்தியதும் கணுக்கால் இப்படியும் அப்படியும் வெட்டியது, முழங்கால் லேசாக மடங்கியது, இரண்டு கையும் தாமாக விரிந்தன. கண் மட்டும் எதிரே வேப்பமரத்தில் இருந்தது. நார் குத்துகிறது என்று சொன்னாள்; சொல்லிக்கொண்டே அடுத்த காலை எடுத்து வைத்தாள்.

எல்லாக் குழந்தைகளும் அப்படி இல்லை. எதிர்வீட்டுப் பையனுக்கு நார் என்றாலே ஆகாது; கால் பட்டால் உடம்பு சிலிர்த்து ஓடிவிடுவான். பிடிவாதம் என்று அவன் பாட்டி திட்டினார். தொடுகை சிலருக்கு மற்றவர்களைவிடக் கூர்மையாகத் தைக்கும், அவ்வளவுதான். அவனுக்குப் பழைய நூல்சேலையை முறுக்கிப் போட்டோம். அதில் ஓடியே காட்டினான். நார்க்கயிற்றில் அவன் இன்னும் கால் வைக்கவில்லை. வைக்கத்தான் வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. நடக்கப் பழகியவர்களிடம் இரு கைக்கும் குறுக்காக ஒரு நீளக்கோல் கொடுத்துப் பாருங்கள். நீண்ட கோல் சட்டென்று திரும்பாது. அதனால் உடம்பு சாய்வதும் மெதுவாகிறது, சரிசெய்துகொள்ள அவகாசம் கிடைக்கிறது. கழைக்கூத்தாடி கையில் மூங்கில் இருந்ததற்குக் காரணம் அதுதான்.

இந்த இடத்தில் சர்க்கஸின் மறுபக்கத்தையும் பேசிவிட வேண்டும், ஏனென்றால் விளையாட்டை எப்படி நடத்துவது என்பதை அதுவே தீர்மானிக்கிறது. இந்திய சர்க்கஸின் தாய்வீடு எங்கள் மாநிலத்தில்தான் இருக்கிறது. ஷொரணூர் வழியாக ரயிலேறினால் தலச்சேரி. 1880-இல் மும்பையில் கிரேட் இந்தியன் சர்க்கஸைத் தொடங்கிய விஷ்ணுபந்த் சத்ரே தலச்சேரிக்கு வந்தபோது, களரியும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த கீலேரி குஞ்ஞிக்கண்ணனைச் சந்தித்தார். குஞ்ஞிக்கண்ணன் 1901-இல் சிறக்கரையில் சர்க்கஸ் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 1951-இல் ஜெமினி சர்க்கஸை ஆரம்பித்த சங்கரனும் தலச்சேரிக்காரர்தான். பெருமைதான். ஆனால் அந்தக் கூடாரங்களில் உயரத்து ஊஞ்சலில் பார் ஆடியவர்களில், வளைந்து நின்றவர்களில் பலர் குழந்தைகள். வறுமைப்பட்ட வீடுகளிலிருந்து சிறு வயதிலேயே கொண்டுவரப்பட்டவர்கள். 2011 ஏப்ரலில்தான், சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்யுமாறு உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. கழைக்கூத்தில் உயரக் கயிற்றின்மேல் நடந்ததும் பெரும்பாலும் ஒரு சிறுமிதான். கீழே நின்று நாம் கைதட்டினோம்.

அதனால் எங்கள் களத்து சர்க்கஸில் பார்வையாளர் கிடையாது. இது ஒன்றில் மட்டும் நான் கறார். ஒருநாள் அண்ணன் கைப்பேசியோடு வந்தார். மகள் கயிற்றின் கடைசிவரை நடந்து முடித்திருந்தாள். "மறுபடியும் நட கண்ணு, அப்பா சரியாக எடுக்கவில்லை" என்றார். அவள் நடக்கவில்லை. கயிற்றின்மேல் உட்கார்ந்து, பிரிந்து நின்ற நாரை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்துவிட்டாள். "நட, சாக்லேட் வாங்கித் தருகிறேன்" என்றார். அவள் அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணன் போன பிறகும் நடக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு நார் உருவுவதே விளையாட்டாக முடிந்தது. ஐந்து வயதுப் பிள்ளை தன் கால் சொல்வதைக் கேட்டுக்கொண்டு நடக்கும்போது, வெளியிலிருந்து ஒரு கண் வந்து உட்கார்ந்துகொண்டால் காலின் பேச்சு கேட்காமல் போகிறது. படம் எடுப்பதே கூடாது என்று நான் சொல்லவில்லை. "இன்னொரு முறை" என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான்.

ஊஞ்சல் பார் ஆடுபவர்கள் முதலில் கற்பது வலையில் விழுவதை. முதுகு பட விழ வேண்டும். காலோ முகமோ முதலில் படக்கூடாது. அதையும் விளையாட்டாக்கலாம். இலவம்பஞ்சு மெத்தைகள் இரண்டைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் குந்தி உட்கார்ந்து, மோவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு பின்பக்கமாக உருளச் சொல்கிறேன். மெத்தை உள்வாங்குகிற அந்த நொடிக்காகத் திரும்பத் திரும்ப வருவார்கள். குட்டிக்கரணம் நான் சொல்லித்தருவதில்லை. தானாகப் போடுகிற பிள்ளை போட்டுக்கொள்ளட்டும். தலையைப் பிடித்து அழுத்தி உருட்டிவிடுவது கழுத்துக்கு ஆபத்து. டவுன் நோய்க்குறி உள்ள குழந்தைகளுக்குக் கழுத்தெலும்பின் மேல்மூட்டு தளர்ந்திருக்க வாய்ப்புண்டு. உருளுகிற, குதிக்கிற எதற்கும் மருத்துவர் சரி என்று சொல்ல வேண்டும்.

வேப்பங்கிளையில் சேலைத்தூளி கட்டினால் அதுவே பார். உட்கார்ந்து ஆடுவதைவிட, வயிறு சேலைமேல் படும்படி குப்புறப் படுத்து, கைகள் தரையைத் தொட்டுத் தொட்டுப் போகும் உயரத்தில் ஆடுவது பிள்ளைகளுக்குப் பெரிய குஷி. தூளியோ கயிறோ இருக்கிற இடத்தில் பெரியவர் ஒருவர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கழுத்தில் சுற்ற ஒரு நிமிடம் போதும். ஆட்டம் முடிந்ததும் அவிழ்த்து எடுத்து வைத்துவிடுங்கள்.

இனி கைக்கு வேலை. சர்க்கஸ் வளையத்தில் மரத்தூள் கொட்டுவார்கள். அதை அப்படியே கொண்டுவர வேண்டாம். பொடித்தூள் மூச்சில் ஏறும். தச்சர் பட்டறையில் இழைப்புளி தள்ளும்போது சுருள்சுருளாக விழுகிற மரச்சீவலைக் கேட்டு வாங்குங்கள். ஒட்டுப்பலகையின் சீவல் வேண்டாம், அதில் பசை இருக்கும். பலா, வேம்பு, மா என்றால் வாசனையும் சேர்த்துக் கிடைக்கும். அகலமான தாம்பாளத்திலோ பழைய குழந்தைக் குளியல் தொட்டியிலோ கொட்டி, உள்ளே மரக்குதிரை, சிரட்டை, கரண்டி என்று புதைத்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு தேடுவார்கள். சுருளைக் காதருகே வைத்து நசுக்கிச் சத்தம் கேட்பதை எனக்குக் கற்றுத்தந்தது பின்தெருக் குழந்தை ஒன்று.

யானை செய்யக் கேழ்வரகு மாவு. கொதிக்கும் தண்ணீரில் கொஞ்சம் எண்ணெய் விட்டு, கேழ்வரகு மாவும் அரிசிமாவும் கலந்து கொழுக்கட்டைக்குக் கிளறுகிற பக்குவத்தில் கிளறி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுக் கொடுங்கள். நிறமும் சொரசொரப்பும் யானைத்தோலுக்கு அருகில் வரும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு யானை பொம்மைக்கடைச் சமாச்சாரம் கிடையாது. நெம்மாறை வல்லங்கி ‘வேலா’ கோயில் திருவிழாவுக்குத் தோளில் உட்கார்ந்து போய்ப் பார்த்தவர்கள். ஆகவே முகபடாம் வைக்க வேண்டும், பனம்பட்டை வைக்க வேண்டும், ஏன், பின்னால் லத்தியும் வைக்க வேண்டும் என்று ஒருவன் நிறைய உருட்டி வைத்தான். தும்பிக்கை மட்டும் எப்போதும் விழுந்துவிடும். அதைத் தண்ணீர் தொட்டு ஒட்டுவதிலேயே அரைமணி போகும். வாயில் போட்டாலும் கெடுதல் இல்லை, ஏற்கெனவே வெந்த மாவு. பச்சைக் கோதுமை மாவில் கிருமி இருக்கக்கூடும் என்பதால் அதை நான் விளையாடக் கொடுப்பதில்லை.

விதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. குருவாயூரில் உருளி நிறைய மஞ்சாடிக்குரு என்கிற சிவப்பு விதைகளை வைத்திருப்பார்கள். குழந்தைகள் இரு கையும் விட்டு வாரி வாரிப் போடுவார்கள். புலன்விளையாட்டு என்று இப்போது விற்கப்படுகிற டப்பாக்களுக்கெல்லாம் அதுதான் மூத்தது என்பேன். ஆனால் வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே விதை, மணி, பட்டாணி எதுவும் வேண்டாம். மூச்சுக்குழாயை அடைக்கச் சிறிய விதையே போதும். மஞ்சாடி என்று நினைத்து யாரேனும் குன்றிமணியைக் கொண்டுவந்தால் வாங்கித் தூர வையுங்கள். கறுப்புப் பொட்டு வைத்த அந்தச் சிவப்பு விதையை மென்றால் உயிருக்கே ஆபத்து. தண்ணீரில் ஊறிப் பெருக்கிற நிறநிற ஜெல் உருண்டைகளும் அப்படித்தான். விழுங்கினால் குடலுக்குள் போய்ப் பெருத்து அடைக்கும். எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

சிங்கம் இல்லாமல் சர்க்கஸா என்று கேட்பார்கள். கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டக்கூடாது என்று மத்திய அரசு 1998-இல் அறிவித்தது. 2001-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. எங்கள் களத்தில் சிங்கம் உண்டு, சாட்டையும் ரிங் மாஸ்டரும் இல்லை. எல்லோருமே சிங்கம். தொண்டையில் கை வைத்துக்கொண்டு உறும வேண்டும். விரலுக்கடியில் அதிர்வு தெரிகிறதா? இப்போது பக்கத்துச் சிங்கத்தின் முதுகில் கை வை. அங்கேயும் தெரியும். கூச்சப்படுகிற பிள்ளைகூட இதில் சேர்ந்துவிடும்.

பாண்டுவாத்தியத்துக்குச் சிரட்டை, தட்டு, தகரம் எது கிடைத்தாலும் சரி. சத்தம் தாங்காத பிள்ளையிடம் நிறுத்துகிற அதிகாரத்தைக் கொடுங்கள். அது கை தூக்கினால் எல்லோரும் நிறுத்த வேண்டும். செண்டை கேட்டால் காதைப் பொத்துகிற குழந்தை இங்கே எல்லோரையும் ஆட்டிவைக்கும்.

தீனி விஷயம் சுருக்கமாக. சோளப்பொரியும் முழுக்கடலையும் நாலு வயதுக்குக் கீழே ஆகாது, தொண்டையில் சிக்கும். அரிசிப்பொரி நல்லது. ரோஸ் நிறப் பஞ்சுமிட்டாயை நான் வாங்கித்தருவதில்லை. ரோடமின்-பி சாயம் இருந்ததால் 2024 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் அதைத் தடை செய்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் இருப்பதால் மட்டும் அந்தச் சாயம் மருந்தாகிவிடாது. பலூனும் வேண்டாம், வெடித்த துண்டு வாய்க்குள் போனால் எடுப்பது கடினம்.

பந்து வித்தைக்குப் பந்து வேண்டியதில்லை. மெல்லிய ஷிபான் துப்பட்டாத் துண்டுகள் போதும். மேலே எறிந்தால் மெதுவாக இறங்கும். சின்னக் கையும் பிடித்துவிடும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கிற கணவாய் எங்களுடையது. மார்கழி, தை மாதங்களில் கிழக்குக் காற்று பிய்த்துக்கொண்டு வரும். அப்போது எறிந்த துண்டு திரும்பி வராது. துரத்திக்கொண்டு வரப்பு வரைக்கும் ஓட வேண்டும், அதுவே ஆட்டமாகிவிடும்.

கோமாளி வேடம் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பிள்ளைகளின் முகத்தில் கடைச்சாயம் பூச எனக்கு விருப்பமில்லை. தோல் தாங்காது, பல குழந்தைகளுக்கு வேடமிட்ட முகமே பயம். நிலைக்கண்ணாடி ஒன்றைத் திண்ணையில் சாய்த்து வைத்து, அதில் தெரிகிற தன் முகத்தின்மேல் பீட்ரூட் சாறு கலந்த அரிசிமாவுக் கூழால் மூக்கு வரையச் சொல்லுங்கள். தலையை அசைத்தால் மூக்கு கழன்றுவிடும். அதைப் பிடிக்க முகத்தைத் திரும்ப அதே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும், நுட்பமான வேலை. அல்லது உங்கள் முகத்தைக் கொடுங்கள். என் முகத்தில் அவர்கள் விரலால் கூழ் பூசும்போது குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது, காய்ந்து இழுக்கிறபோது சிரிக்க முடியாது. சிரிக்க வைப்பதே அவர்கள் நோக்கம்.

கடைசியாகப் பயில்வான். கனத்தைத் தள்ளுவதும் இழுப்பதும் துள்ளித் திரிகிற குழந்தையை அடக்கி உட்கார வைக்கிற வேலை. சுழற்சி, ஓட்டம் எல்லாம் முடிந்த பிறகு இதைச் செய்தால் வீட்டுக்குப் போகையில் ரகளை குறையும். துணிப்பையில் நெல் நிரப்பித் தூக்கலாம், பனம்பாயில் ஒருவரை உட்கார வைத்து மற்றவர் இழுக்கலாம். சித்திரை, வைகாசி என்றால் நுங்கு வண்டி. நுங்கு தின்ற பிறகு மிஞ்சுகிற காய்க்கூடு, எங்கள் பேச்சில் கூந்தல், இரண்டை ஒரு குச்சியில் கோத்து, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு வட்டத்தைச் சுற்றுவார்கள். சர்க்கஸில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டுபவருக்குக்கூட இந்தக் கர்வம் இருக்காது. குச்சியின் முனைகளை மழுக்கிவிடுங்கள். இரண்டொரு நாளில் காய்ந்து அச்சு கழன்றுவிடும்; அதற்குள் நறுக்கி மாட்டுக்குப் போட்டால் தின்னும்.